கணக்கும் காப்பியமும்
இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் வாழ்க்கை

பத்தாம் வகுப்புக்கு வந்தபோது எனக்கு முன்னே ஒரு பாடப் பட்டியல் வைக்கப்பட்டது. அதில் தமிழ் இலக்கிய நயத்தையும், வணிகமும் கணக்கீடும் என்ற பாடத்தையும் ஒருங்கே தெரிந்தெடுத்தேன். வீட்டிலே பெரியப்பா ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். பேரேட்டுக்கும் பெருங்காப்பியத்துக்கும் என்ன உறவு, இரண்டு தோணியில் ஏன் கால் வைக்கிறாய் என்பது அவர் கேள்வி. அன்று எனக்கு விடை தெரியவில்லை. மிஷன் வழிவந்த பாடசாலையொன்றிலே படித்த எனக்கு, அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துவிட்டுப் போன ஒரு பெரியார் நம் மண்ணிலேயே பிறந்தவர் என்பதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. சர்வகலாசாலைக்கு வந்த பின்னரே அவரை அறிந்தேன். அவரே சிறுப்பிட்டி வைரவநாதர் தாமோதரம்பிள்ளை.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக் கிராமத்திலே 1832 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12 ஆந் திகதி பிள்ளையவர்கள் பிறந்தார்கள். தந்தையார் வைரவநாதபிள்ளை, தாயார் பெருந்தேவி அம்மையார். இளமையிலே சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார்கள். பின்னர் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் நடத்திய செமினரியிற் சேர்ந்தார்கள். 1823 இல் தொடங்கப்பட்ட அக் கலாசாலை ஆங்கிலத்தோடு கணிதம், வானசாஸ்திரம் முதலிய மேனாட்டுக் கலைகளையும் தமிழையும் ஒருசேரப் போதித்தது. 1855 இல் அது மூடப்பட்டதாயினும், அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குள் அது உருவாக்கிய அறிஞர் பலர். 1852 வரையில் அங்கே பயின்ற பிள்ளையவர்கள், ஒரு கையில் இலக்கணமும் மறுகையில் கணிதமுமாக வெளியே வந்தார்கள்.

கோப்பாயிலே சில காலம் ஆசிரியராயிருந்தார்கள். இருபதுகளின் தொடக்கத்திலேயே நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டு வெளிப்படுத்தினார்கள். பிற்காலத்துப் பெரும்பணிக்கு இஃது ஒரு சிறு வித்து. யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பேர்சிவல் பாதிரியார் அப்போது சென்னைக்குச் சென்றிருந்தார். அவர் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராகப் பிள்ளையவர்கள் அழைக்கப்பட்டார்கள். அன்று கடல் கடந்த அவருடைய வாழ்வின் பெரும்பகுதி தமிழகத்திலேயே கழிந்தது.

1857 இல் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டது. அதன் முதலாவது பி. ஏ. பரீட்சையிலே சித்தியெய்தியவர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர். தென்னிந்தியா முழுவதற்குமென எழுந்த சர்வகலாசாலையின் முதற் பட்டத்தை ஈழத்துப் பிள்ளைகள் இருவர் தட்டிக்கொண்டார்கள் என்றால், நம்மூர்க் கல்வியின் தரம் அன்று எத்தகையது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பட்டம் பெற்ற பிள்ளையவர்கள் கள்ளிக்கோட்டையிலே ஆசிரியத் தொழில் பார்த்தார்கள். அதன் பின் அவர்களுக்கு வாய்த்த உத்தியோகமே இக் கட்டுரைக்குக் காரணமாவது. சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச் சாலையிலே கணக்காய்வாளராக அவர்கள் அமர்ந்தார்கள்; பின்னர் அங்கேயே விசாரணைக் கர்த்தராக உயர்ந்தார்கள். பகலெல்லாம் எண்களோடு பழகிய அவர்கள் ஓய்வு நேரத்திலே சட்டம் படித்து 1871 இல் பி. எல். பட்டமும் பெற்றார்கள்.

கணக்காய்வாளன் செய்யும் வேலை யாது? பேரேட்டிலே ஒரு தொகை எழுதப்பட்டிருந்தால் அதை அப்படியே நம்பிவிடாமல், அதற்கு ஆதாரமான பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். பற்றும் வரவும் சரியொக்கவில்லையானால் பிழை எங்கே புகுந்ததென்று பக்கம் பக்கமாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தனக்குத் தோன்றிய எண்ணை இட்டு நிரப்பிக் கணக்கை முடித்துவிட அவனுக்கு உரிமையில்லை. இனி, பதிப்பாசிரியன் செய்யும் வேலை யாது? ஒரு சுவடியிலே ஒரு பாடம் இருந்தால் அதை அப்படியே ஏற்காமல், வேறு சுவடிகளை வரவழைத்து ஒப்பிட வேண்டும். ஓசையும் பொருளும் பொருந்தவில்லையானால், ஏடு எழுதினவன் கை எங்கே வழுவியதென்று தேட வேண்டும். தன் மனம் போனபடி ஒரு சொல்லை இட்டு நிரப்ப அவனுக்கும் உரிமையில்லை. இவ்விரண்டு வேலைக்கும் வேண்டிய குணம் ஒன்றே. கணக்குச் சாலையிலே பழகிய கண், ஏட்டுச் சுவடியின் முன்னே வந்தபோது தன் பழைய வேலையையே மீண்டும் கண்டிருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

1868 ஆம் ஆண்டிலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார்கள். அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலரவர்கள். 1879 இல் நாவலர் சிவபதமெய்தினார். பழந்தமிழ் நூல்களைக் காக்கும் பாரம் தம் தோளிலே விழுந்ததை உணர்ந்தவர்போலப் பிள்ளையவர்கள் அதன் பின் ஓயாது உழைத்தார்கள். 1881 இல் வீரசோழியம். 1883 இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும். 1885 இல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரம். 1887 இல் கலித்தொகை. 1889 இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். 1891 இல் தொல்காப்பிய எழுத்ததிகாரம். எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது கலித்தொகையே. அதே 1887 ஆம் ஆண்டிலேதான் கும்பகோணத்திலிருந்த உ. வே. சாமிநாதையரவர்களின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது.

இந் நூல்கள் எந்த நிலையிலே இருந்தன என்பதை இக்காலத்து நாம் நினைத்துப் பார்ப்பதும் அரிது. பரண்களிலே புகை படிந்தும், செல்லரித்தும், கட்டு அவிழ்த்தவுடன் ஓரம் உதிர்ந்தும் ஏடுகள் அழிந்துகொண்டிருந்தன. பிரதிகள் அருகிவிட்டன, கிடைத்த ஒன்றிரண்டும் ஒன்றோடொன்று மாறுபட்டன. இன்னும் ஒரு தலைமுறை தாழ்த்தியிருந்தால் சில நூல்கள் பெயரளவிலேயே எஞ்சியிருக்கும். அந்தக் கவலையைப் பிள்ளையவர்கள் தம் பதிப்புரைகளிலே உருக்கமாக வெளியிட்டிருக்கிறார்கள்.

நூலைத் திருத்துவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஏடு தேடச் செலவு, பிரதி எழுதச் செலவு, கடதாசிக்குச் செலவு, அச்சுக்கூலி, கட்டுக்கூலி வேறு. இவ்வளவும் முன்னே போக வேண்டும். வரவோ பின்னே, மெல்ல மெல்ல வரும். இலக்கண நூலை வாங்குவோர் எத்தனை பேர்? கணக்கு அறியாதவர் ஒருவர் இத்தகைய வேலையிலே இறங்கி, முதலுக்கே மோசம் வந்ததென்றால், தெரியாமற் செய்துவிட்டார் என்று நாம் இரங்கலாம். பிள்ளையவர்களோ கணக்கிலே கரைகண்டவர். இந்த வியாபாரத்திலே இலாபமில்லை என்பது மற்றெவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் தம் கைப்பொருளை இட்டார். பொருளைக் கொடுத்துப் பொருளதிகாரத்தை நமக்கு வாங்கித் தந்தார் எனலாம். எவ்வளவு போகும், தம்மால் எவ்வளவு தாங்க முடியும் என்று அளந்து கொடுப்பவனே அடுத்த நூலுக்கும் கொடுக்க முடியும். ஒரு நூலோடு ஓய்ந்து போகாமல் நூலுக்குமேல் நூலாக அவர் வெளியிட்டதற்கு இந்தக் கணக்கறிவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

அவர்களுடைய பதிப்பிலே பிழையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பொருளதிகாரம் முழுவதற்கும் நச்சினார்க்கினியர் உரை என்றே அவர்கள் வெளியிட்டார்கள். பிற்பகுதி இயல்களுக்கு அதிலுள்ள உரை பேராசிரியருடையது என்று பின்வந்த அறிஞர் ஆராய்ந்து நிறுவினர். இதனால் பிள்ளையவர்கள் பெருமை குறையுமா? குறையாது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் கணக்கை எவரும் பரிசோதிக்க முடியாது. ஏடு அச்சேறிப் பலர் கைக்கும் சென்றமையாலன்றோ பிழை கண்டுபிடிக்கப்பட்டது?

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் கும்பகோணத்திலே வழக்கறிஞராயிருந்தார்கள். புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நீதிபதிப் பதவியும் வகித்தார்கள். 1895 இல் இராவ்பகதூர் பட்டம் அவர்களை வந்தடைந்தது. எத்தனை உயர்ந்தும் பிறந்த நாட்டை மறந்தாரல்லர். ஏழாலையிலே ஒரு பாடசாலையைத் தாபித்து, சுன்னாகம் குமாரசுவாமிப் புலவரைப் போன்ற ஒரு பெரும் புலவர் அங்கே கற்பிக்குமாறு செய்தார்கள். சிறுவர் படிப்பதற்கென வாசக புத்தகங்களும் எழுதினார்கள். தொல்காப்பியத்தைத் திருத்திய அதே கை, பாலர் பாடத்தையும் எழுதக் கூசவில்லை. 1901 ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி, சென்னைப் புரசைவாக்கத்திலே இம் மண்ணுலக வாழ்வை நீத்தார்கள்.

மிஷன் கலாசாலையிலே படித்துக் கிறித்தவ சூழலிலே வளர்ந்த பிள்ளையவர்கள் பின்னர்ச் சைவத்துக்கு மீண்டு, சைவ மகத்துவம் என்னும் நூலையும் எழுதினார்கள். ஆயினும், வட்டுக்கோட்டையிலே பெற்ற அறிவை அவர்கள் எறிந்துவிடவில்லை; அதைக் கொண்டே தமிழுக்குத் தொண்டு செய்தார்கள். சமண நூலாகிய சூளாமணியையும் பௌத்தர் இயற்றிய வீரசோழியத்தையும் சைவ நூலாகிய தணிகைப் புராணத்தையும் ஒரே அக்கறையோடு அச்சிட்டார்கள். மிஷன் பாடசாலையிலே படித்துவிட்டு இச் சங்கத்துக்கு வருகின்ற என் போன்றவர்களுக்கு இதிலே ஓர் ஆறுதலும் உண்டு. ஒரு பாடமும் உண்டு. எங்கே படித்தோம் என்பதிலும் பார்க்க, படித்ததைக் கொண்டு யாருக்கு என்ன செய்தோம் என்பதே கேட்கப்படும்.

அன்பார்ந்த இளைஞர்களே, இலக்கியம் படிப்பவன் கணக்கை இழிவென்று ஒதுக்க வேண்டாம். கணக்குப் படிப்பவன் இலக்கியம் சோறு போடுமா என்று கேட்க வேண்டாம். நம் சங்கத்தின் வரவு செலவை ஒழுங்காக எழுதுகின்ற தனாதிகாரி இல்லாவிட்டால் இம் மலர்கூட உங்கள் கைக்கு வந்திராது. பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரண்களிலே இன்றும் ஏடுகளோ, பழைய அச்சுப் புத்தகங்களோ, ஊர்க் கோயிற் கணக்குக் கொப்பிகளோ இருக்கக்கூடும். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் இழந்தவை போக எஞ்சியவை சிலவே. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நாம் இழந்தவற்றை எந்தப் பேரேட்டிலும் எழுதித் தீர்க்க முடியாது. ஆகையால் எஞ்சியவற்றைத் தயவுசெய்து குப்பையோடு எரித்துவிடாதீர்கள். ஓர் இளைஞனை அழைத்துக் கையிலே கொடுங்கள். தூசு தட்டி, பெயரெழுதி, பட்டியலிட்டு வைக்க நாங்கள் வருகின்றோம்.

பெரியப்பாவுக்கு இப்போது விடை சொல்ல என்னால் முடியும். தோணி இரண்டல்ல, ஒன்றே. இலக்கியம் அதிலே ஏற்றிய சரக்கு; கணக்கு அது கவிழாமற் காக்கும் சுக்கான். சிறுப்பிட்டியிலே பிறந்த ஒருவர் அத் தோணியைச் செலுத்திக் கரை சேர்த்தார். அச் சரக்கை இறக்கிப் பேணுவது நம் கடன்.