இளையோரை நம்பிய பெருமகன்

திருப்பருத்திக்குன்றத்து ஜினாலயத்தைத் தொழுது, காஞ்சியில் தறித்தொழிலும் வணிகமும் நடத்தும் அன்பர்கள் அறிந்து போற்றத்தக்கது விக்ரம் சாராபாய் அவர்களின் வாழ்வு.

1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், அகமதாபாத்தில் பஞ்சாலை நடத்திய சமணக் குடும்பத்தில் அவர் தோன்றினார். 1947இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டிலேயே ஆலை அதிபர்களை ஒன்றிணைத்து 'அட்டிரா' என்னும் நெசவுத்தொழில் ஆய்வு நிலையம் அமைய முன்னின்றார். பரம்பரை அனுபவமே போதும் என்றிருந்த தொழிலில், ஆலைப் பழக்கமில்லாத இளம் அறிவியலாரைத் துணிந்து அமர்த்தினார். பழகிய கண்ணுக்குப் படாத குறை, புதிய கண்ணுக்குப் புலப்படுமன்றோ! இயந்திரத்தோடு தொழிலாளர் மனநிலையையும் ஆராய அங்கே உளவியல் பிரிவும் ஏற்பட்டது.

பின்னர் விண்வெளிப் பணியிலும் இளையோரையே நம்பினார். 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தபோது, பழைய தேவாலயமே அவர்களது பணிக்கூடம். இராமேசுவரத்து அப்துல் கலாமும் அவர்களுள் ஒருவர்.

1971 டிசம்பர் 30இல் சாராபாய் மறைந்தார். ஆயினும் 1980இல் கலாம் தலைமையில் உருவான ஏவுகலம் ரோகிணியை விண்ணில் நிறுத்தியது. தலைவரின் பெருமை, அவருக்குப் பின்னும் தொடரும் பணியிலன்றோ விளங்குகிறது! நம் தறிக்கூடத்தில் ஓர் இளைஞர் புதுக்கரை ஒன்றை வரைந்து வருங்கால், மறுக்குமுன் முழுதும் கேட்போமாக.