ஃபிராம் கண்ட நான்சன்

நார்வே மொழியில் 'ஃபிராம்' என்றால் 'முன்னே' என்பது பொருள். அப்பெயர் பூண்ட மரக்கலத்தைக் கட்டுவித்தவர் ஃபிரிட்யோஃப் நான்சன். 1861-இல் பிறந்து விலங்கியல் பயின்ற இவர், 1888-இல் கிரீன்லாந்துப் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்து புகழ்பெற்றார்.

சைபீரியாவுக்கு வடக்கே 1881-இல் பனியால் நொறுங்குண்ட 'ஜீனெட்' என்னும் அமெரிக்கக் கப்பலின் சிதைவுகள், மூன்றாண்டுகளுக்குப் பின் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. வடகடலைக் கடந்து ஓர் ஓட்டம் உண்டென்பதை நான்சன் இதனால் உணர்ந்தார். பனியோடு போராடுவானேன்? அதனுள் உறைந்து, அது இழுத்த வழியே வடமுனையை நெருங்கலாமே! துருவப் பயணத்தில் பழுத்த பலர் இதனை அழிவுக்கு வழியென்றே கருதினர்.

காலின் ஆர்ச்சர் கட்டித் தந்த அக்கலத்தை அழகியதென்று நாம் சொல்வதற்கில்லை. நீளம் 39 மீட்டர், அகலமோ 11 மீட்டர். அடிப்புறம் தேங்காய் மூடிபோல் உருண்டிருந்தது. பற்றிக்கொள்ள விளிம்பின்மையால், நெருக்கும் பனி கலத்தை மேலே உந்திவிடும் என்பது கணக்கு. திறந்த கடலில் அது ஆடிய ஆட்டம் மாலுமிகளை வாட்டியது. அது வேறு கதை.

1893 ஜூனில் புறப்பட்ட கலம் செப்டம்பரில் பனியில் உறைந்தது. 1895 சனவரியில் பனிமேடு ஒன்று பக்கவாட்டில் ஏறி அழுத்த, பதின்மூவரும் கலத்தைக் கைவிட ஆயத்தமாயினர். ஃபிராமோ பனியை உதறி எழுந்தது. கணக்கு பொய்க்கவில்லை.

ஆயினும் ஓட்டம் முனையை விலகியே சென்றது. மார்ச்சில் நான்சன், ஜோஹான்சன் ஒருவரை மட்டும் உடன்கொண்டு நாய்வண்டிகளுடன் இறங்கி நடந்து, அதுவரை எவரும் எட்டாத 86 பாகை 14 கலையை அடைந்து திரும்பினார். கற்குடிலில் கரடி இறைச்சி உண்டு ஒரு குளிர்காலம் கழிந்தது. 1896 ஆகஸ்டில் இவர்களும் ஃபிராமும் தனித்தனியே நார்வே சேர்ந்தனர். பதின்மூவரில் ஒருவரும் இறக்கவில்லை.

அதே கலத்தில் தென்முனை செல்வது நான்சனின் கனவு. 1907-இல், வடகடல் ஆய்வுக்கென அமுண்ட்சன் அதனை வேண்டினார். நான்சன் தம் கனவைத் துறந்து ஈந்தார். நம் நோக்கில் அவர் கடந்த பனிவெளிகளினும் இதுவே அரிய செயல். 1910-இல் புறப்பட்ட அமுண்ட்சனோ, நான்சனுக்கும் சொல்லாமல் தெற்கே திருப்பி, 1911 டிசம்பர் 14-இல் தென்முனையை எட்டினார். நான்சன் பகை பாராட்டவில்லை, ஆதரித்தே நின்றார்.

பின்னாளில் நாடிழந்த ஏதிலியர்க்கு அவர் வழங்கச்செய்த அடையாளத்தாள் 'நான்சன் கடவுச்சீட்டு' எனப்பட்டது. 1922-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அவர் 1930-இல் மறைந்தார். ஆறாண்டுகள் கழித்து ஓஸ்லோவில் ஃபிராமுக்கென ஒரு காட்சியகம் எழுந்தது. கலத்தினுள் இறங்கி, அப்பதின்மூவர் உறங்கிய சிற்றறைகளை இன்றும் காணலாம்.