இருளை ஆண்ட றொபேட்சன்

இன்றைய பெல்ஜிய நாட்டின் லியேஜ் நகரிலே 1763ஆம் ஆண்டு பிறந்த எற்றியன் காஸ்பார் றொபேர், அரங்க உலகில் றொபேட்சன் எனப் பெயர் பெற்றார். 1799இல் பாரிஸ் மாநகரின் பழைய கப்புச்சின் மடத்தில் அவர் ஆவியுருவங்களை உலவவிட்டார். சக்கரம் பூட்டிய படவிளக்கைத் திரைக்குப் பின்னே மறைத்தார்; அது பின்வாங்க, உருவம் பெருத்துச் சபையோர்மீது பாய்வதுபோலத் தோன்றிற்று. கண்ணாடித் தகட்டில் உருவத்தைச் சூழ்ந்த இடமெல்லாம் கருமை பூசினார். கசியும் சிற்றொளியும் மாயையைக் கலைத்துவிடுமன்றோ?

தம் கலையைக் கவர்ந்தனரென முன்னாள் உதவியாளர்மீது அவர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றிலே மருமம் வெளிப்பட்டது. போலிகள் எங்கும் பெருகின. காக்க முயன்றதே கைநழுவக் காரணமாயிற்று. 1837இல் அவர் மறைந்தார். எனினும், கருவியை மறைத்துக் காட்சியை மட்டும் காட்டும் அரங்கக்கலை இன்றும் அவர் நடந்த வழியிலேயே செல்கின்றது.