குதிரை ஓடிய கவிதை

கடந்த விடுமுறையில் ஜாசின் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். படிவம் 3 படிக்கும் தம்பி ஒரு சுடோகு புதிரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தான். வழக்கமான விதிகளோடு சதுரங்க விதி ஒன்றும் அதில் சேர்ந்திருந்தது. ஓர் எண் இருக்கும் கட்டத்திலிருந்து குதிரை தாவக்கூடிய கட்டங்களில் அதே எண் வரக்கூடாது. இருக்கிற விதிகள் போதாதா என்று அலுத்துக் கொண்டான். அடுத்த ஆண்டு தமிழ் இலக்கியம் எடுக்கப் போவதில்லை, அதுவும் கூடுதல் சுமைதான் என்றான்.

அதே காரணத்தைச் சொல்லி அந்தப் பாடத்தை விட்டவள் நான். அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதனால் வேதாந்த தேசிகரின் கதையைச் சொன்னேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் 1268இல் பிறந்தவர் அவர். இயற்பெயர் வேங்கடநாதன். தாய்மாமன் அப்புள்ளாரிடம் கல்வி கற்றார். தமிழ், சமஸ்கிருதம், பிராகிருதம் என மூன்று மொழிகளில் எழுதினார். கவிதையிலும் தருக்கத்திலும் சிங்கம் என்ற பொருளில் 'கவிதார்க்கிக சிம்மம்' என்று பட்டம் பெற்றார். வறுமையில் வாழ்ந்தபோதும் விஜயநகர அரசவையின் அழைப்பை ஏற்கவில்லை என்பது வைணவ மரபு.

திருவரங்கத்து இறைவனின் பாதுகைகளைப் போற்றி 1008 பாடல்கள் கொண்ட 'பாதுகா சஹஸ்ரம்' என்ற சமஸ்கிருத நூலைப் பாடினார். போட்டி ஒன்றுக்காக ஒரே இரவில் பாடியதாகச் சொல்வார்கள். அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு பாடல்களில்தான் குதிரை ஓடுகிறது.

ஒவ்வொன்றிலும் 32 எழுத்துகள். முதல் பாடலை வரிசைக்கு 8 எழுத்தாக 4 வரிசையில் எழுதினால் பாதிச் சதுரங்கப் பலகை கிடைக்கும். முதல் கட்டத்தில் குதிரையை வைத்து, எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் 32 கட்டங்களிலும் தாவவிட வேண்டும். அது மிதிக்கும் எழுத்துகளைக் கோத்தால் இரண்டாம் பாடல் வந்துவிடும்! இரண்டுக்கும் பொருள் உண்டு, யாப்பும் பிசகவில்லை.

இந்த வித்தையை முதலில் செய்தவர் அவரல்ல. 9ஆம் நூற்றாண்டிலேயே காஷ்மீரத்து ருத்ரடர் குதிரை நடையில் பாடலை அமைத்தார். ஆனால் அதை எப்படிப் படித்தாலும் அதே பாடல்தான் வரும். தேசிகரின் குதிரையோ புதிய பாடலைக் கொண்டுவருகிறது. அவருக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்குப் பிறகு, 1759இல், கணித மேதை ஆய்லர் குதிரையின் பயணத்தை ஆராய்ந்தார். சுடோகுவின் மூதாதையான இலத்தீன் சதுரங்களை ஆராய்ந்தவரும் அவரே.

கதை முடிந்ததும் புதிருக்குத் திரும்பினோம். குதிரை விதியால் ஓர் எண் உட்காரக்கூடிய இடங்கள் குறைகின்றன. தடையாகத் தெரிந்த விதியே துப்பாகவும் இருந்தது. தம்பி அதை வைத்தே ஒரு 7க்கு இடம் கண்டுபிடித்தான்.

இலக்கியப் பாடத்தைப் பற்றி அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் அன்றிரவு தன் நோட்டுப் புத்தகத்தில் 32 கட்டங்கள் வரைந்து கொண்டிருந்தான்.