கடல் கடந்த குரல்

1957ஆம் ஆண்டு. வேல்ஸ் நாட்டிலே போர்த்கால் எனும் கடற்கரை ஊர். சுரங்கத் தொழிலாளர் நடத்தும் இசை விழா. மண்டபம் நிரம்பி வழிகிறது. ஆனால், மேடையிலே பாடகர் இல்லை! அவர் இருப்பது நியூயார்க்கில். அட்லாண்டிக் கடலடியிலே ஓடும் தொலைபேசிக் கம்பி வழியே வருகிறது அவர் குரல். கரி வெட்டிக் காய்த்த கரங்கள் தட்டி மகிழ்கின்றன.

நேரில் வரவில்லையா? வரவிடவில்லை! அவர்தான் பால் ராப்சன்.

அடிமைத் தளையை அறுத்துக்கொண்டு, பதினைந்து வயதிலே தப்பி வந்தவர் அவர் தந்தை. 1898இல் பிறந்த மகன், ரட்கர்ஸ் கல்லூரியிலே படித்தார். அமெரிக்கக் கால்பந்துக் குழுவிலே இடம் கேட்டார். பயிற்சியிலேயே அவர் மூக்கை உடைத்தனர், வெள்ளை மாணவர்கள். ஒதுங்கினாரா? இல்லை! மீண்டும் களம் புகுந்தார். 1917லும் 1918லும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் வரிசையிலே இடம் பெற்றார். சட்டம் பயின்றார், அங்கும் நிறவெறி வழிமறித்தது. மேடை ஏறினார். 1943இல் நியூயார்க்கிலே ஒதெல்லோ வேடமேற்றார். 296 முறை நடந்தது நாடகம்!

பொன் குவிந்தது, புகழ் குவிந்தது. போதுமென்று இருந்தாரா? லண்டன் வீதியிலே, வேலையிழந்த வேல்ஸ் தொழிலாளர் பாடியபடி சென்றனர். தாமும் சேர்ந்து நடந்தார். 1938இல் ஸ்பெயின் சென்று, பாசிசத்தை எதிர்த்து நின்ற வீரர்களிடையே பாடினார். கருப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்கச் சட்டம் தேவையென்று, 1946இல் குடியரசுத் தலைவர் ட்ரூமனையே நேரில் கண்டு வற்புறுத்தினார்.

பொறுக்குமா ஆதிக்கம்? சோவியத் நாட்டின் நண்பர் என்று குற்றம் சாட்டி, 1950இல் பாஸ்போர்ட்டைப் பறித்தது அரசு. அரங்கங்கள் கதவடைத்தன. ஆண்டுக்கு லட்சம் டாலரைத் தாண்டிய வருவாய், சில ஆயிரமாகச் சுருங்கிற்று. தாம் கம்யூனிஸ்டு அல்லவென்று எழுதித்தரக் கேட்டனர். என் கருத்தைக் கேட்க அரசுக்கு உரிமையில்லை என்ற நிலையிலே நின்றார், மறுத்தார்.

குறையே இல்லாதவரா? இல்லை. ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளைக் கண்டித்து அவர் வாய் திறவாதது குறைதான். ஆனால், தம் சொந்த இலாபத்துக்காக ஒருபோதும் அவர் ஊமையானதில்லை.

1958இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு தடையை உடைத்தது. அதே ஆண்டு வேல்ஸ் மண்ணை மிதித்தார். 1976இல் மறைந்தார்.

தோழர்களே! கலைஞனுக்குப் புகழ் தருபவன் யார்? கூலியிலே மிச்சம் பிடித்துச் சீட்டு வாங்கும் உழைப்பாளி! அந்தக் கடனை ராப்சன் மறக்கவில்லை. அவரைத் தொழிலாளியும் மறக்கவில்லை. அதனாலன்றோ, அரசு கதவை அடைத்தபோது, கடலடிக் கம்பி வழியே அவரை அழைத்தான்!