ஜான் லயன்ஸ்

ஜான் லயன்ஸ் (ஜனவரி 19, 1937 – டிசம்பர் 5, 1998) ஆஸ்திரேலியக் கணினி அறிவியலாளர் ஆவார். யுனிக்ஸ் ஆறாம் பதிப்பிற்கு இவர் எழுதிய விளக்கவுரை, ஓர் இயங்குதளத்தின் உள்ளமைப்பை மாணவர்களுக்குத் திறந்து காட்டிய நூலாகப் போற்றப்படுகிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

லயன்ஸ் 1959 இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டமும், 1963 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பணியாற்றியபின் 1972 இல் சிட்னிக்குத் திரும்பி, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுநிலை விரிவுரையாளரானார்.

கற்பித்தல் முறை

அக்காலத்தில் இயங்குதளப் பாடம், பொதுக் கோட்பாடுகளை விரித்துரைப்பதாகவோ சிறிய மாதிரி ஒன்றை மாணவர்களைக் கொண்டு எழுதச் செய்வதாகவோ அமைந்தது. லயன்ஸ் வேறு வழியைத் தேர்ந்தார். நடைமுறையில் இயங்கும் ஓர் இயங்குதளத்தின் மூல நிரலை மாணவர்கள் முழுமையாக வாசிக்க வேண்டும் என்பதே அவ்வழி. யுனிக்ஸின் மையப்பகுதி ஏறத்தாழ 9,000 வரிகளே கொண்டிருந்ததால், ஒருவரே அதனை முழுதும் கற்றறிய இயன்றது.

விளக்கவுரை

1976–77 இல் இவர் இரு தொகுதிகளை உருவாக்கினார். ஒன்று வரி எண்களிட்ட மூல நிரல். மற்றொன்று அதற்கான உரை. உரை, பிடிபி-11/40 கணினியின் அமைப்பையும் சி மொழியை வாசிக்கும் முறையையும் முதலில் அறிமுகப்படுத்துகிறது. அதன்பின் பணி மேலாண்மை, குறுக்கீடுகள், வட்டு உள்ளீடு-வெளியீடு, கோப்புகள், முனையங்கள் எனப் படிப்படியாகச் செல்கிறது. ஒரு பணியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நிரற்பகுதியில், வாசகருக்கு இது விளங்குமென எதிர்பார்க்கவில்லை என்று நிரலை எழுதியோரே குறித்திருந்தனர். அவ்விடத்தையும் லயன்ஸ் விட்டுவிடாமல் விளக்கினார்.

தடையும் பரவலும்

1979 இல் வெளியான ஏழாம் பதிப்பின் உரிம விதிகள், மூல நிரலை வகுப்பறையில் கற்பிப்பதைத் தடை செய்தன. இதனால் லயன்ஸின் முறையைப் புதிய பதிப்புகளுக்குத் தொடர இயலாது போயிற்று. எனினும் விளக்கவுரை ஒளிநகல்களாகக் கைமாறிப் பல நாடுகளுக்குப் பரவியது. இதே தடையின் விளைவாக, ஆன்ட்ரூ டேனன்பாம் கற்பித்தலுக்கெனவே மினிக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக எழுதி 1987 இல் வெளியிட்டார். இரு தொகுதிகளும் 1996 இல் முறையான அனுமதியுடன் ஒரே நூலாக அச்சேறின.

மறைவும் தாக்கமும்

உடல்நலக் குறைவால் 1995 இல் ஓய்வு பெற்ற லயன்ஸ், 1998 இல் காலமானார். தம் நூல் தடையின்றி வெளிவந்ததை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இயங்குதளத் துறைக்கான பேராசிரியர் இருக்கை ஒன்று இவர் பெயரால் நிறுவப்பட்டது. எம்ஐடி நிறுவனத்தின் இயங்குதளப் பாடத்தில் இவ்வுரை பயன்பட்டது. அங்கு 2006 இல் கற்பித்தலுக்கென எழுதப்பட்ட எக்ஸ்வி6, யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றியதாகும்.