மண்டோவைக் குடித்த மது

1955 ஜனவரி 18 ஆம் திகதி லாகூரில் உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோ காலமானபோது அவருக்கு வயது 42. பிரிவினைக் கலவரத்தில் தப்பியவர். ஆபாச எழுத்து என்ற ஆறு வழக்குகளையும் தாங்கியவர். அவரைக் கொன்றது குடியால் சிதைந்த கல்லீரல்.

1912 மே 11 இல் பஞ்சாபின் சம்ராலாவில் பிறந்த மண்டோ, டில்லியில் அகில இந்திய வானொலிக்கு நாடகங்களும் பம்பாயில் திரைப்படக் கதைகளும் எழுதினார். 1948 இல் லாகூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே திரைத்துறை முடங்கிக் கிடந்தது. நிலையான வருமானம் இல்லை. பம்பாயிலேயே தொற்றியிருந்த குடி கட்டுமீறியது. கதையைப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் பெற்ற பணம், மனைவி சஃபியாவிடமும் மூன்று பெண் பிள்ளைகளிடமும் போய்ச் சேருமுன்பே மதுவாகிவிடும். குடியை நிறுத்துவதற்காக லாகூர் மனநல வைத்தியசாலையிலும் அனுமதிக்கப்பட்டார். வெளியே வந்தார், மீண்டும் குடித்தார்.

உடலுக்குள் நடந்தது மெதுவான அழிவு. உள்ளே போகும் மதுவின் பெரும்பகுதியைக் கல்லீரலே உடைக்கிறது. முதலில் அங்கே கொழுப்பு படியும். பிறகு அழற்சி ஏற்படும். இறுதியில் நல்ல கலங்கள் இருந்த இடத்தில் தழும்பு இறுகும். இதுவே சிரோசிஸ். தழும்பு இரத்த ஓட்டத்தைத் தடுக்க, வயிற்றில் நீர் கோர்க்கும், கண் மஞ்சளாகும், உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து வெடிக்கும். மண்டோவும் கடைசியில் இரத்த வாந்தி எடுத்தார். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

குடிதான் அவருக்குக் கதைகளைத் தந்தது என்று சொல்வோர் உண்டு. டில்லியிலும் பம்பாயிலும் அவர் எழுதியவற்றைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். குடி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது, எழுதியிருக்கக்கூடிய இன்னும் பல ஆண்டுகளை. பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது தகப்பனை.

கல்லீரல் வலியால் முறையிடுவது அரிது. பெரும்பாலும் சேதம் முற்றிய பிறகே அறிகுறி தெரியும். ஆனால் கொழுப்பு படிந்த கட்டத்தில் குடியை விட்டால் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். தழும்பு இறுகிய பின்னரும், நிறுத்தினால் ஆயுள் நீளும். நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால், வைத்தியரின் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு.

2012 இல் பாகிஸ்தான் அரசு மண்டோவுக்கு உயரிய விருதொன்றை அறிவித்தது. அப்போது அவர் இறந்து 57 ஆண்டுகள் ஆகியிருந்தன.